பூட்டு விழுந்த பெயர்

முடியாது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மனிதர்கள் சொன்னாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்ப்யூட்டர் சொன்னால் கேட்கவே வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறையில் இருந்த எங்கள் தொழிற்சாலையின் புரோகிராம் ரூமில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அது என்னிடம் முடியாது என்று சொன்னது. இந்தப் பெயர் பாதுகாக்கப்பட்டது, இதற்கு வேறு பொருள் கொடுக்க அனுமதி இல்லை என்றது. மறுபடி தட்டினேன். அது மறுபடி சொன்னது. ஐந்தாவது தடவை தட்டியபோது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீபோர்டு என்னண்ணே பண்ணுச்சு, பாவம்லா."

குரலுக்கு உரியவரை எல்லோரும் நிபோங் திபால் என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருடைய ஊர். முன்பு அவர் வேலை பார்த்த இன்ஸ்பெக்ஷன் லைனில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மலாய்க்கார சூப்பர்வைசர் மைக்கில் அந்தப் பெயரைச் சொன்னால் மூன்று ஸ்டூலிலிருந்து மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். அதனால் அந்த அம்மாள் ஊரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒருவர் சிம்பாங் அம்பாட், ஒருவர் பட்டர்வொர்த், இவர் நிபோங் திபால். அந்தப் பெயர் புரோகிராம் ரூமுக்கும் கூடவே வந்துவிட்டது.

பதினேழு வயதில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அவர். எழுபதுகளின் கடைசி அது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் பார்த்ததில் கண் கெட்டுவிட்டது. பொழுதெல்லாம் நீர் வடியும். பஸ் நம்பர் இரண்டாகத் தெரியும். இன்னும் சில வருஷம் இதே வேலையில் இருந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்ரி ஏறித் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்தார். எங்கள் ரூமுக்கு டைப் செய்ய ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

ஆறு மாதத்துக்குத் தற்காலிகம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மேசை வேலைக்கு டிப்ளோமா உள்ளவர் வேண்டும் என்று பெர்சனல் டிபார்ட்மென்ட் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆறு மாதம் முடியும்போது மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய ஸ்டூல், பழைய மைக்ராஸ்கோப். அந்த ஆறு மாதம் முடிவது நான் சொல்லும் வாரத்தின் வெள்ளிக்கிழமை. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். புதிய மென்பொருளை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லைனில் ஓட்டிக் காட்டுங்கள், உங்கள் டைப்பிஸ்டின் பேப்பரை அன்றைக்கே பார்க்கிறேன் என்றார்.

லைனில் ஒவ்வொரு பெண்ணும் தன் ஸ்டூலுக்கு வீட்டிலிருந்து ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொண்டு வந்து போட்டிருப்பார். நிபோங் திபாலுடையது மஞ்சள் பூப்போட்டது. எங்கள் ரூமுக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, அந்த மெத்தை இன்னும் லைனிலேயே கிடந்தது. "என்னம்மா, அங்க இடம் போட்டு வச்சிருக்கியா" என்று நான் கேலி செய்வேன். "இருக்கட்டும்ண்ணே, எங்க போயிடப் போகுது" என்பார். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சரி, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். லைனில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. பலகைமேல் ஊசிகள் இறங்கித் தொடும். மின்சாரம் சரியாக ஓடினால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. அதற்கு வேலை சொல்லும் புரோகிராம்களை நான் பேப்பரில் எழுதுவேன், அவர் டைப் செய்வார். பத்து வரியில் சொல்ல வேண்டியதை ஒரே சொல்லில் சொல்ல மேக்ரோ என்று ஓர் ஏற்பாடு உண்டு. கோப்பிக் கடையில் உட்கார்ந்து 'எப்போதும்போல' என்றால் கடைக்காரர் கோப்பியும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் கொண்டுவந்து வைப்பாரே, அந்த மாதிரி. எங்களுடைய மேக்ரோக்களில் முக்கியமானது 'செக்'. செக் என்று எழுதினால், அளந்து பார், வரம்புக்குள் இருக்கிறதா என்று பார், தவறினால் சிவப்பைப் போடு என்று அர்த்தம். ரூமில் கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும்போது, அந்த ஒற்றைச் சொல் பத்து வரியாக விரிந்துவிடும். விரிந்ததை அதன் பெயரோடு சேர்த்து டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டு லைனுக்கு நடந்துபோய் இயந்திரத்தில் ஏற்றுவோம்.

இயந்திரத்தைச் செய்தவர்கள் அந்த வாரம் புதிய மென்பொருள் அனுப்பியிருந்தார்கள். அதில் அவர்களும் ஒரு 'செக்' வைத்திருந்தார்கள். தங்கள் பெயர்களில் யாரும் கை வைக்காதபடி எல்லாவற்றுக்கும் பூட்டும் போட்டிருந்தார்கள். பல வருஷமாக எங்கள் வீட்டுச் சொல்லாக இருந்தது ஒரே நாளில் அடுத்த வீட்டுச் சொல் ஆகிவிட்டது. எனக்கு எப்படி இருக்கும்.

செவ்வாய் முழுக்க கையேட்டைப் புரட்டினேன். பூட்டைத் திறக்கும் கட்டளை ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. புதன்கிழமை அதை எங்கள் மேக்ரோ கோப்பின் தலையில் நானே தட்டினேன். கம்பைல் செய்தேன். முணுக்கென்று ஒரு புகார் இல்லை.

"அண்ணே, அவங்க எதுக்குப் பூட்டி வச்சிருப்பாங்க?" என்று நிபோங் திபால் கேட்டார்.

"நம்மளக் கடுப்பேத்தத்தான்."

டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். ஏற்றினேன். அங்கேயும் அதே பதில், பெயர் பாதுகாக்கப்பட்டது. கொஞ்ச நேரம் திட்டிவிட்டுத்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நான் திறந்தது ரூமில் இருந்த கம்ப்யூட்டரின் பூட்டை, அதுவும் கம்பைல் செய்யும் நேரத்துக்கு மட்டும். ஏற்றும் இடத்தில் இருந்த இயந்திரத்துக்கு அதன் பூட்டு தனி. வியாழன் காலை அதையும் திறந்தேன். எங்கள் 'செக்' உள்ளே போய் உட்கார்ந்தது. பலகைகள் வந்தன, பச்சை, பச்சை, பச்சை. சிவப்பே இல்லை. அதில்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ கேன்டீனுக்குப் போய் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரன் போட்ட பூட்டை ரெண்டே நாள்ல திறந்துட்டேன்லா என்று பக்கத்து மேசைக்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

அரை ரொட்டிகூட உள்ளே போகவில்லை. நிபோங் திபால் கையில் பிஸ்கட் டின்னோடு வந்து நின்றார்.

"சாப்பிட்டு முடிங்கண்ணே. அப்புறம் லைனுக்கு வாங்க. நிறுத்திட்டேன்."

"எதை?"

"லைனை."

தூக்கிவாரிப் போட்டது. லைனை நிறுத்த சூப்பர்வைசரே இரண்டு தடவை யோசிப்பார். நாளை மறுநாள் வேலை இருக்குமா என்று தெரியாத தற்காலிக டைப்பிஸ்ட், சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, என் சாப்பாடு கெடக்கூடாது என்று நின்றுகொண்டிருந்தார்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஐந்து கெட்ட பலகைகள் இருந்தன. ஒன்றில் கம்பி விட்டுப்போனது, ஒன்றில் ஈயம் வழிந்து சிப்பின் இரண்டு காலை ஒட்டியது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. பின்பக்கம் பென்சிலில் குறையை எழுதி வைத்திருந்தார். மைக்ராஸ்கோப் பெண்களின் பழக்கம் அது. ஷிப்ட் தொடங்கும்போது முதலில் ஒரு கெட்டதைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வார்கள். நல்லதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்ல ஆரம்பித்துவிடும் என்பார் அவர். எங்கள் ரூமுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு புதிய புரோகிராமுக்கும் அந்த ஐந்தையும் ஓட்டிப் பார்ப்பார். நான் அதை ஒரு சாங்கியம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைனில் நின்று ஐந்தையும் எனக்கு ஓட்டிக் காட்டினார். ஐந்தும் பச்சை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை, கெடுத்தவனும் நான்தானே. ஊசிகளை இறக்கி, அவை பலகையை உண்மையாகவே தொட்டனவா என்று இயந்திரம் அடிக்கடி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சோதனைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்தான் 'செக்'. நான் பூட்டை உடைத்து அந்தப் பெயருக்கு எங்கள் பொருளைக் கொடுத்ததும், அவர்களுடைய இடத்திலும் எங்களுடையது போய் உட்கார்ந்துகொண்டது. ஊசி தொடவே இல்லை. அளக்க ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததில் தவறும் இல்லை என்று பச்சை விளக்கு. பூட்டு என்னைக் கடுப்பேற்றப் போட்டதல்ல. என் மாதிரி ஆட்களிடமிருந்து அந்த இயந்திரத்தைக் காப்பாற்றப் போட்டது.

இரண்டு ட்ரே பலகைகள் அப்படி நல்லவையாகப் போயிருந்தன. நிபோங் திபால் அவற்றுக்கு மஞ்சள் டேப் ஒட்டித் தனியே வைத்திருந்தார். ஆனால் இன்னொரு விஷயம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எங்கள் ரூமில் ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் டைப் செய்தவரின் அடையாள எழுத்து இருக்கும். பூட்டைத் திறந்த அந்தக் கோப்பின் தலையிலும் இருந்தது அவருடைய எழுத்துத்தான். நான் நுழைத்த வரி அவர் பெயரில் நின்றது.

"இப்ப என்னம்மா செய்யிறது," என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்பவன் அல்ல.

அவர் கொஞ்சம் யோசித்தார். "லைன்ல நாங்க மூணு பேரு ஒரே பேருல இருந்தோம்ல. யாரையாச்சும் பேரை மாத்துன்னு சொன்னாங்களா? இல்ல ஒருத்திய வெளிய அனுப்பிட்டாங்களா? ஊரை முன்னால போட்டுக் கூப்பிட்டாங்க, அவ்வளவுதான். அவங்க செக் அவங்களுக்கு இருக்கட்டும்ண்ணே. நம்ம செக்குக்கு முன்னால நம்ம ஊரைப் போடுவோம்."

நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் இதைப் படித்தவன். எனக்கு இது தோன்றவில்லை.

'பிறை-செக்' என்று வைத்தோம். மற்ற மேக்ரோக்களுக்கும் அப்படியே, பிறை-வெயிட், பிறை-ஸ்டாப். இரண்டு பூட்டையும் மறுபடி பூட்டினேன். வேலை முடியும்வரை லைன் பழைய மென்பொருளிலேயே ஓடட்டும் என்று விட்டோம். பெயர் வைப்பது எளிது, செக் என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நான் விரலைத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடிக்காத குறைதான். சில இடத்தில் நாங்கள் வேண்டுமென்றே அவர்களுடைய சொற்களையும் கூப்பிட்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அவையும் போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இது யார் வீட்டு செக் என்று கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாப் புரோகிராமையும் பச்சைக் கோடு போட்ட மடிப்புப் பேப்பரில் அச்சடித்தோம். ஓர் அடி உயரத்துக்கு வந்தது. அவர் வாசித்துச் சிவப்புப் பென்சிலால் குறித்தார், நான் டைப் செய்தேன். டைப்பிஸ்டாக வந்தவர் வாசிக்க, எழுதுகிறவன் டைப் அடித்தேன். என் விரல்களின் லட்சணத்துக்கு அவர் இரண்டு பக்கம் முடித்தால் நான் ஒன்று. வியாழன் மாலை கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்வரை அப்படி ஓடியது. வெள்ளி காலை ஏழு மணிக்கு நான் முதல் பெர்ரியில் வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே குறித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அவர் கண்ணிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. கைக்குட்டையை நனைத்துக் கண்ணில் ஒத்திக்கொண்டு, பேப்பரைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"போதும்மா. நான் வாசிக்கிறேன், நீ டைப் அடி."

"உங்களுக்குத் தெரியாதுண்ணே."

"என்ன தெரியாது? எழுதினது நான்."

"எழுதுனீங்க, மறந்துட்டீங்க. நான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சவ. எது நம்மளுதுன்னு எனக்குத்தான் ஞாபகம் இருக்கு."

உண்மை அது. எந்தக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள இந்த மேசைக்கு வந்தாரோ அந்தக் கண்ணையே பிழிந்துகொண்டிருந்தார், இந்த மேசையைக் காப்பாற்ற. அடுத்த பக்கத்தை டைப் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக லைன் பன்னிரண்டரைக்கு நிற்கும், இரண்டே முக்காலுக்குத்தான் திரும்ப ஓடும். புதியதை ஏற்றிப் பார்க்க இயந்திரம் எங்கள் கையில் இருந்த நேரம் அது மட்டும்தான். ஒன்றரைக்குக் கம்பைல் வேலை முடிந்தது என்று எழுந்தோம். மேக்ரோ கோப்பை முதலில் ஏற்றினேன், போனது. அடுத்தடுத்த கோப்புகள் போயின. கடைசிக்கு முந்தைய கோப்பில் இயந்திரம் நின்றது. பெயர் பாதுகாக்கப்பட்டது.

மணி இரண்டு. நிபோங் திபால் தன் பேப்பரைப் புரட்டினார். "இதுல எல்லாம் சரியாத்தான்ண்ணே குறிச்சிருக்கேன். டிஸ்கெட்ல இருக்கிறதும் இதேதானா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மேக்ரோ கம்பைல் செய்யும்போதே விரிந்துவிடும் என்று சொன்னேன் அல்லவா. எழுத்தை எத்தனை மாற்றினாலும், மறுபடி கம்பைல் செய்யாத கோப்பில் பழையதுதான் இருக்கும். டிஸ்கெட்டைப் பார்த்தேன். அந்த ஒரு கோப்பின் தேதி புதன்கிழமை. பூட்டைத் திறந்த அன்று ஓட்டிப் பார்க்க நான் தனியாகச் செய்து வைத்த கோப்பு, என் பழைய 'செக்'கோடு. அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டிருந்தேன். மற்ற எல்லாம் சுத்தமாக உள்ளே போயிருக்க, பூட்டு பிடித்து நிறுத்தியது என் கைவேலையை மட்டும். பழையதை அழித்துவிட்டு, ரூமுக்கு ஓடி, புதிதாகக் கம்பைல் செய்து, ஓடி வந்தேன். ஏறியது.

அவர் டின்னைத் திறந்தார். முதல் பலகை, சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. ஐந்தும் சிவப்பு. ஒரு நல்ல பலகையை வைத்தார், பச்சை. அவர் டின்னை மூடிவிட்டு முகம் கழுவப் போனார்.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். சீனர், நிதானமானவர், ஆங்கிலத்தில் அளந்துதான் பேசுவார். லைன் ஓடுவதைக் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு மஞ்சள் டேப் ஒட்டிய இரண்டு ட்ரேயைக் காட்டி, வியாழக்கிழமை பாதுகாப்பைத் திறந்தது யார் என்று கேட்டார். கையில் அச்சடித்த பேப்பர் இருந்தது. அதன் முதல் வரியில் அவர் விரல் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது.

நிபோங் திபாலுக்கும் தெரிந்தது. "எங்க ரூம்ல செஞ்சோம், சார். நாங்களே சரி பண்ணிட்டோம்," என்றார் ஆங்கிலத்தில். நாங்கள் என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு விநாடி என் இருபது வருஷ வேலை என் கண் முன்னால் வந்து நின்றது. பிறகு சொன்னேன்.

"எழுத்து இவங்களுடையது, வரி என்னுடையது. ஏன் பூட்டியிருக்காங்கன்னு இவங்க கேட்டாங்க, நான் காதுல வாங்கல. லைனை நிறுத்தினது இவங்க. சரி பண்ண வழி சொன்னதும் இவங்க."

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை இரண்டு உறைகள் வந்தன. என்னுடையது எச்சரிக்கைக் கடிதம். என் வேலைக்காலம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். பாராட்டுக் கடிதங்கள் எங்கெங்கோ போய்விட்டன. இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் தன் உறையைப் பிரித்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, மெதுவாக வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். மடித்துப் பிஸ்கட் டின்னுக்குள் பலகைகளோடு போட்டார். எழுந்து வெளியே போனார்.

ரூமின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்ஸ்பெக்ஷன் லைனின் கடைசிவரை நடந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த சிம்பாங் அம்பாட் நிமிர்ந்து ஏதோ கேட்டார், இவர் தலையை ஆட்டினார். தன் பழைய ஸ்டூலிலிருந்து அந்த மஞ்சள் பூப்போட்ட மெத்தையை எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறினார். அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்து வந்தார்.

மெத்தையைத் தன் நாற்காலியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டு, உட்கார்ந்தார். நான் கேலி எதுவும் செய்யவில்லை. கண் கலங்கியிருந்ததை மறைக்க மேசையில் பேப்பர் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"என்னண்ணே தேடுறீங்க," என்றார். "அடுத்த புரோகிராமைக் கொடுங்க."